ஸ்கின் கலர்

"மாமா, ஸ்கின் கலர் தீந்துபோச்சு!"

அக்கா மகளின் கிரேயான் டப்பாவில் மற்ற குச்சிகள் எல்லாம் முனை மழுங்காமல் இருந்தன. அந்த வெளிர் இளஞ்சிவப்புக் குச்சி மட்டும் நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தது. வீட்டில் எல்லார் முகத்துக்கும் அதைத்தான் பூசியிருந்தாள், அம்மாச்சிக்கும் சேர்த்து. என் அம்மா தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாருடி இந்த வெள்ளைக்காரி, என் சேலையக் கட்டிக்கிட்டு?"

அம்மா நல்ல கருப்பு. பெண் பார்க்க வந்தவர்களிடம் மட்டும் 'மாநிறம்' என்று சொல்லப்பட்டவர்.

அமெரிக்காவின் கிரேயோலா கம்பெனி, 'சதை' என்று பெயரிட்டிருந்த குச்சியை 1962லேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. 2020ல் 24 தோல் நிறங்களோடு தனி டப்பாவும் கொண்டுவந்தது. நம் பிள்ளைகள் வாயில் இன்னும் ஸ்கின் கலர் என்றால் அந்த ஒன்றுதான்.

எனக்கு கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் ஞாபகம் வந்தார். 1955ல் அலபாமாவின் பர்மிங்காமில் பிறந்த கறுப்பின ஓவியர். 1980ல் முட்டைக்கருவில் குழைத்த வண்ணத்தால் தன்னையே வரைந்தார். 8 அங்குல உயரம்தான். கருப்புப் பின்னணியில் கருப்பு உருவம். கண்ணின் வெள்ளை, சட்டைத் துண்டு, ஒரு பல் போன சிரிப்பு, அவ்வளவுதான் பளிச்சிடும். பழுப்பு கலந்து சமாதானம் செய்துகொள்ளும் பேச்சே அவரிடம் இல்லை. கருப்பென்றால் கருப்பு.

ஆனால் ஒரே கருப்பு இல்லை. எலும்பைச் சுட்டு எடுப்பது ஒன்று, புகைக்கரியில் வருவது ஒன்று (நம் வீட்டுக் கண்மையும் விளக்குப் புகையில் பிடித்ததுதானே), இரும்பு ஆக்சைடில் வருவது இன்னொன்று. அவற்றில் நீலமோ பச்சையோ ஊதாவோ சேர்ப்பார். ஒரு முகம் குளிர்ந்திருக்கும், பக்கத்து முகம் கணகணவென்றிருக்கும். 1993ல் வரைந்த 'டி ஸ்டைல்' ஒரு சலூன் காட்சி. சிவப்பும் மஞ்சளும் நீலமும் சுற்றிலும் கூச்சல் போட, நடுவில் அந்தக் கருப்பு மனிதர்கள் அசையாமல் நம்மையே பார்க்கிறார்கள். ஏரிக்கரையில் பொழுதுபோக்கும் கறுப்பினக் குடும்பத்தை வரைந்த 1997ஆம் ஆண்டு ஓவியம், 2018ல் 2.1 கோடி டாலருக்குமேல் ஏலம் போனது. விலையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அவர்கள் அந்தப் படத்தில் ஓய்வாக இருப்பதுதான்.

இதையெல்லாம் ஏழு வயதுக்காரியிடம் சொல்லவில்லை. புதுத்தாள் கொடுத்தேன். அம்மாச்சி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பழுப்பைத் தேய்த்து, மேலே கருப்பு, அதன்மேல் கொஞ்சம் ஊதா. கையோடு வைத்து வைத்துப் பார்த்தாள். முழங்கை மடிப்புக்கு இன்னும் இரண்டு இழுப்பு கருப்பு வேண்டியிருந்தது.

கையைத் திருப்பச் சொன்னாள். தேய்ந்த துண்டைத் தேடி எடுத்து, "உள்ளங்கைக்கு மட்டும் இது சரியா வருது மாமா" என்றாள்.