‘தூய்மையான’ மின்சாரத்தின் கழிவை அள்ளுவது யார்?

அணுக்கழிவு இனிமேல் கழிவே இல்லையாம், புதையலாம். பயன்படுத்திய எரிபொருளிலிருந்து மறுபடியும் மின்சாரம் எடுக்கலாம், கரியமில வாயு வராது, புவி வெப்பமாதலுக்கு விடை கிடைத்துவிட்டது என்று காணொலிகள் சுற்றுகின்றன. முற்போக்கு பேசும் நண்பர்களும் பகிர்கிறார்கள். ‘மறுசுழற்சி’ என்ற சொல்லுக்கு அவ்வளவு கவர்ச்சி.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். உலையிலிருந்து எடுத்த எரிபொருளை நீரில் குளிரவைத்து, துண்டுகளாக வெட்டி, நைட்ரிக் அமிலத்தில் கரைக்கிறார்கள். அதிலிருந்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுக்கிறார்கள். மிஞ்சுவது சீசியமும் ஸ்ட்ரான்சியமும் கலந்த, கடுமையான கதிரியக்கம் கொண்ட திரவம். அதைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, இறுக்கிப் பாதுகாக்க வேண்டும். கதிரியக்கம் ஏறிய குழாய், வடிகட்டி, கையுறை எல்லாம் தனிக் கழிவு. இவை ஒவ்வொன்றின் அருகிலும் யாரோ ஒருவர் நின்று வேலை செய்கிறார்.

2003 ஜனவரி 21 அன்று கல்பாக்கம் மறுசெயலாக்க ஆலையில், குறைந்த கதிரியக்கக் கழிவின் மாதிரியை எடுக்கத் தொழிலாளர்கள் போனார்கள். ஒரு வால்வு பழுதாகி உயர் கதிரியக்கக் கழிவு அங்கே வந்து சேர்ந்திருந்தது அவர்களுக்குத் தெரியாது. அந்த இடத்தில் கதிர்வீச்சைக் காட்டும் கருவியே பொருத்தப்படவில்லை. மாதிரியைச் சோதித்த பிறகுதான் விபரீதம் புரிந்தது. அதற்குள் ஆறு பேர் ஆண்டு வரம்பைப் பல மடங்கு தாண்டிய கதிர்வீச்சுக்கு ஆளாகியிருந்தார்கள். தொழிலாளர் சங்கம் போராடியது. செய்தி பொதுவெளிக்கு வரவே பல மாதங்கள் ஆயின.

கருவி இருக்க வேண்டிய இடத்தில் தொழிலாளியின் உடல் இருந்தது. இது நமக்குப் பழகிய காட்சிதான். மலக்குழிக்குள் இறங்கியவர் செத்து விழுந்தால்தான் உள்ளே விஷவாயு இருந்தது தெரிகிறது. கல்பாக்கத்தில் அன்று நின்றவர்களின் சாதியைப் பற்றி நான் பேசவில்லை. கழிவின் அருகில் நிற்கும் உடலை மலிவாக எண்ணும் புத்தியைப் பேசுகிறேன். அந்தப் புத்தியை இந்தச் சமூகத்துக்குத் தலைமுறை தலைமுறையாக ஊட்டியது சாதி. மலம் அள்ளுவதை 1993-இலும் 2013-இலும் சட்டம் போட்டுத் தடைசெய்த பிறகும் மலக்குழி மரணங்களை நிறுத்தாத அரசு, பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுகள் பிடிக்கும் புளூட்டோனியத்தைப் பொறுப்பாகக் கையாளும் என்று எதை வைத்து நம்புவது?

கண்காணிப்பின் லட்சணத்தையும் பாருங்கள். 2000-ஆம் ஆண்டிலேயே பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கூடங்கள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து விலக்கப்பட்டன. கல்பாக்கம் ஆலை அந்த மையத்தின் கீழ் இருந்தது. நடத்துகிறவர்களே சோதித்துக்கொள்கிறார்கள், நாம் நம்பிக்கொள்ள வேண்டும்.

“அப்படியானால் நிலக்கரியா?” என்று கேட்பார்கள். எண்ணூரின் சாம்பலைச் சுவாசிப்பவர்களும் நம் மக்கள்தான். ஒரு அநீதியைக் காட்டி இன்னொன்றை விற்காதீர்கள்.

நிரந்தர ஊழியர், ஒப்பந்தத் தொழிலாளர் என்று பிரித்துக் கதிர்வீச்சுப் பதிவுகளை வெளியிடுங்கள். எந்த வேலையை எந்தச் சமூகத்தினர் செய்கிறார்கள் என்ற கணக்கைக் கொடுங்கள். ஆலையோடு தொடர்பில்லாத மருத்துவர்கள் அவர்களின் உடல்நலத்தைக் கண்காணிக்கட்டும். இவற்றைச் செய்யும்வரை ‘தூய்மை’ என்ற சொல்லை அந்த மின்சாரத்தோடு சேர்த்துச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.