மலைப்படிகளும் ஷெர்ப்பாக்களும்

நார்வே தேசத்து மலைகளில் கற்படி கட்டும் வேலையை நேபாளத்து ஷெர்ப்பாக்கள் செய்து வருகிறார்கள் என்பது நமது வாசகர்களில் பலருக்குப் புதிய செய்தியாயிருக்கலாம். இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதலே, எவரெஸ்ட் ஏறும் பருவம் முடிந்தபின், கும்பு பிரதேசத்துக் கிராமங்களிலிருந்து இவர்கள் வடதுருவத்தையடுத்த அந்நாட்டிற்குக் கோடைதோறும் சென்று வருகின்றனர். லீஸெ என்னும் கடற்கழிக்கு நேரே 604 மீட்டர் உயரத்தில் நிற்கும் பிரைகெஸ்டோலன் பாறைக்குச் செல்லும் வழியை 2013, 2014-ம் வருஷங்களில் செப்பனிட்டவர்கள் இவர்களே. டிரோம்ஸோ நகரத்து மலையில் சுமார் 1,200 படிகள் அமைத்தவர்களும் இவர்களே. அவ்வூரார் அதனை ‘ஷெர்ப்பா படி’ என்றே அழைக்கின்றனர். எஜமானன் பெயர் கல்லில் நிற்க, உழைத்தவன் பெயர் மறைந்துபோவதையே பார்த்துப் பழகிய நமக்கு இது சந்தோஷமளிக்கிறது.

மலையில் படி எதற்கு என்று கேட்போர் உண்டு. குளிர் நாட்டு மலைகளில் பாறையின்மேல் மண் மிக மெல்லியது. அதில் முளைத்த பாசியும் பூண்டும் ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்தால் மடிந்துபோகின்றன. வேர் போனபின் மழை நீர் அத்தடத்தையே வாய்க்காலாகக் கொண்டு மண்ணை அறுக்கிறது. தடம் சேறாகிறது, பின்வருபவர் சேற்றுக்கு அஞ்சி ஓரமாக நடக்கிறார், ஓரமும் சேறாகிறது. ஒற்றையடிப் பாதை இவ்விதம் அகன்று மலைமேல் ஆறாத புண்ணாகிவிடுகிறது. யாரும் கெட்ட எண்ணங்கொண்டு செய்யும் தீங்கன்று இது. நல்லவர்கள் பலர் கூடிச் செய்வது.

ஷெர்ப்பாவின் வேலைத்திறம் இவ்விடத்திலேதான் விளங்குகிறது. படி என்றதும் செதுக்கிய கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் நம் நினைவுக்கு வரும். இது அவ்வகையன்று. கடப்பாறை, சம்மட்டி, உளி இவற்றைக்கொண்டு பெருங்கல்லைப் புரட்டி, கீழ்ப்படியின் பின்விளிம்பின்மேல் மேற்படியின் முன்விளிம்பு அழுந்தும்படி வைக்கிறார்கள். சாந்து இல்லை, கல்லின் பாரமே கல்லைப் பிடித்துக்கொள்கிறது. இடுக்குகளில் சிறு கல் நிரப்புகிறார்கள். மழைநீர் படிவழியே ஓடாமல் பக்கவாட்டில் வடியக் குறுக்கே வழி விடுகிறார்கள். அண்டையில் கல் அகப்படாவிடில் ஹெலிகாப்டர் கொண்டுவந்து இறக்கும். ஆனால் எந்தக் கல்லுக்கு எந்த முகம் மேல் என்று தீர்மானிப்பது மனிதனுடைய கண்ணேயாகும். இந்த வித்தையை அவர்கள் கலாசாலையில் கற்கவில்லை. தங்கள் கிராமத்துப் பாதைகளில் கற்றார்கள்.

இதற்கு ஆக்ஷேபம் இல்லாமலில்லை. லோஃபோடன் தீவுகளிலுள்ள 448 மீட்டர் உயரமுள்ள ரைனெபிரிங்கென் மலையில் வழி அரித்து, கல் உருண்டு, ஏறுவோருக்கு ஆபத்தாயிற்று. சுமார் 2,000 படிகள் போடப்பட்டன. மலை பிழைத்தது; கூட்டமோ பெருகிற்று. அடிவாரத்துச் சிற்றூரில் வண்டி நிறுத்த இடமில்லை, கழிப்பிடம் போதவில்லை. படி புண்ணை ஆற்றுகிறது. அதே படி புதுக் கால்களையும் அழைக்கிறது. ஆகவே மேலே படி கட்டும்போதே கீழே ஊரையும் கவனிக்கவேண்டும் என்பது நமது துணிந்த அபிப்பிராயம். நெருக்கடியுள்ள ஸ்தல ஸ்தாபனங்கள் தங்குமிடக் கட்டணத்தில் நூற்றுக்கு 3 வரை வரி விதிக்கலாமென்று நார்வே பார்லிமெண்டு 2025-ல் சட்டமியற்றியது நியாயமே. மலையில் உலாவும் உரிமை அந்நாட்டில் 1957-ம் வருஷத்துச் சட்டத்தினால் சகலருக்கும் பொது. அவ்வுரிமையை டிக்கட்டுக்கு விற்காமல், தங்குவோரிடம் சிறிது பெறுவது சிலாக்கியமான வழி. பிரைகெஸ்டோலன் உச்சியில் இன்றும் கம்பிவேலி போடாதிருப்பதையும் நாம் ஆதரிக்கிறோம். வழியைப் பத்திரப்படுத்துவது வேறு. மலையைத் தோட்டமாக்குவது வேறு.

நம்மை உறுத்தும் விஷயம் மற்றொன்றுண்டு. 2014-ம் வருஷம் ஏப்ரல் 18-ந்தேதி கும்பு பனிவீழ்ச்சியில் பனிச்சரிவில் சிக்கி 16 நேபாளிகள் மாண்டனர். பிறர் சிகரமேறுவதற்கு மூட்டை சுமந்தும் வழி அமைத்தும் நின்றவர்கள் அவர்கள். உயிரைப் பணயம் வைக்கும் அத்தொழிலோடு ஒப்பிடுகையில், நார்வேயில் கல் அடுக்குவது கௌரவமான பிழைப்பு. ஆனால் அக்கைகள் அந்நியர் மலையைச் சீர்செய்யும்போது அவர்கள் சொந்த மலை என்ன ஆகிறது? 1976-ல் ஏற்பட்ட சாகர்மாதா தேசீயப் பூங்காவின் பாதைகளிலும் அந்நியர் கால்கள் வருஷந்தோறும் மிதிக்கின்றன. நேபாள சர்க்கார் எவரெஸ்ட் ஏறும் கட்டணத்தை 2025-ல் 11,000 டாலரிலிருந்து 15,000 டாலராக உயர்த்திற்று. உயர்த்திய அந்த 4,000 டாலரை அப்பிரதேசத்துப் பாதைகளுக்கே ஒதுக்கி, நார்வேயில் கைதேர்ந்து திரும்பும் ஷெர்ப்பாக்களுக்கு அவ்வேலையைத் தகுந்த கூலியில் அளிக்கவேண்டுமென்று காத்மாண்டு மந்திரிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.