நூலன்பர் கடமை

1981ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்நூலகம் எந்த அரசும் ஈந்த கொடையன்று. க. மு. செல்லப்பா என்னும் நூலன்பர் 1933இல் தம் இல்லத்தில் தொடங்கிய சிறு வாசகசாலையே அதன் வித்து. 2005இல் தோன்றிய 'நூலகம்' என்னும் இணைய நூற்சாலையும் பல நாடுகளிற் சிதறி வாழும் தன்னார்வலர் தம் ஓய்வுநேர உழைப்பால் வளர்த்ததே. ஆகவே, நூல் சேர்ப்பதை வெறும் பொழுதுபோக்கென எவரும் இகழற்க.

இன்று அந்நூலன்பர்க்கு ஒரு கடமை காத்திருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய 'டித்வா' சூறாவளி மலையகத்தை மண்சரிவாலும் வெள்ளத்தாலும் சிதைத்தது. பாடசாலைகளும் தப்பவில்லை. இடிந்த சுவரை எழுப்புவது அரசாங்கத்தின் பொறுப்பு. அதனை வற்புறுத்திக் கேட்போம். ஆயினும், சுவர் எழும்வரை பிள்ளையின் படிப்புக் காத்திராது.

வெள்ளத்தில் வெங்காயம் அழுகிப்போன தோட்டக்காரனுக்கு அயலவன் கொடுக்க வேண்டியது நல்ல விதை வெங்காயம். தன் வீட்டு அழுகலை அள்ளிக் கொடுப்பது உதவியாகாது. நூலும் அவ்வாறே. வீட்டிற் கிடக்கும் கிழிந்த ஏடுகளைக் கட்டி அனுப்புவது கொடையன்று.

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நூலன்பர்களே! பத்துப்பேர் கூடி ஒரு பாடசாலையைப் பொறுப்பேற்பீர். அதன் அதிபருக்கு எழுதி, வேண்டுவன எவையெனக் கேட்டறிந்து, அவற்றையே அனுப்புவீர்.

நூல் இழந்தோர் துயரம் நாம் அறிந்தது. அறிந்தும் வாளாவிருப்பது நமக்குப் பழியாகும்.