பத்து ரூபாய் தர்மமும் ஏழு மணிச் செய்தியும்

சிக்னலில் கை நீட்டும் திருநங்கைக்குப் பத்து ரூபாய் கொடுத்துவிட்டு அன்றைய புண்ணியக் கணக்கை முடித்துக்கொள்ளும் கூட்டத்தில் நானும் ஒருத்தன்தான். அதனால் இந்தத் திட்டில் எனக்கும் பங்கு உண்டு.

எங்கள் எருத்தேன்பதி கேரளாவில் இருந்தாலும், சினிமா, துணிக்கடை, ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் கோயமுத்தூருக்குத்தான் ஓடுவோம். காலேஜ் நாட்களில் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நீளும் கைகளில் சில்லறை போட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட "என்ன படிச்சிருக்கீங்க, என்ன வேலை தெரியும்?" என்று கேட்டதில்லை. கேட்கத் தோன்றவே இல்லை என்பதுதான் அசிங்கம்.

அதே கோயமுத்தூரில் லோட்டஸ் நியூஸ் என்ற உள்ளூர் சேனல் அதைக் கேட்டது. 2014 ஆகஸ்ட் 15 அன்று பத்மினி பிரகாஷ் அங்கே செய்தி வாசிக்க உட்கார்ந்தார். இந்தியாவின் முதல் திருநங்கை செய்தி வாசிப்பாளர். திருநங்கைகளை மூன்றாம் பாலினமாக உச்ச நீதிமன்றம் அங்கீகரித்து (2014 ஏப்ரல் 15) சரியாக நாலு மாதம். பதின்மூன்று வயதில் வீட்டால் ஒதுக்கப்பட்டவர், பி.காம். படிப்பைப் பாதியில் விட்டவர், பரதநாட்டியம் கற்றவர். இத்தனையும் தாண்டி வந்தவருக்கு மாலை ஏழு மணிச் செய்தி கிடைத்தது.

கவனியுங்கள், அவருக்குக் கிடைத்தது நன்கொடை அல்ல, சம்பளம். தையல் மெஷின் கொடுத்து பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் விழா அல்ல. உச்சரிப்பு சரியாக இருக்கிறதா, வேகம் சரியாக இருக்கிறதா என்று வேலையை வைத்து எடை போடும் ஒரு நாற்காலி. எந்த டிரஸ்ட்டும் செய்யாததை அந்த நாற்காலி செய்தது.

உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. நாமும் "எங்க கோயமுத்தூர்" என்று பீற்றிக்கொண்டோம். சரி, அதற்குப் பிறகு தமிழ்ச் சேனல்களில் செய்தி வாசித்த திருநங்கைகள் எத்தனை பேரை உங்களால் பெயர் சொல்ல முடியும்? யோசியுங்கள், நான் காத்திருக்கிறேன்...

நமக்கு 'முதல்' என்ற வார்த்தை மேல் அப்படி ஒரு மோகம். விஜய் டிவியில் 'இப்படிக்கு ரோஸ்' வந்தது 2008ல். கேரளாவில் ஹெய்தி சாதியா கைரளி நியூஸில் சேர்ந்தது 2019ல். ஒவ்வொரு முறையும் கைதட்டல், பிறகு அமைதி. முதல் ஆளுக்கு மாலை போட்டுவிட்டால் இரண்டாவது ஆளுக்கு வேலை தர வேண்டியதில்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

"திறமை இருந்தா வரட்டுமே, யாரு தடுத்தா?" என்று கேட்பவர்களுக்கு கொச்சி மெட்ரோவை ஞாபகப்படுத்துகிறேன். 2017ல் திருநங்கைகளை வேலைக்கு எடுத்தார்கள், நாடே பாராட்டியது. சேர்ந்த 21 பேரில் 8 பேர் ஒரு மாதத்துக்குள் நின்றுவிட்டார்கள். வேலை தெரியாமல் அல்ல, வாடகைக்கு வீடு கிடைக்காமல்! வீடு தராதது மெட்ரோ நிர்வாகமா? உங்களையும் என்னையும் போன்ற வீட்டுக்காரர்கள்.

இந்தியாவிலேயே முதலில் திருநர் கொள்கை வெளியிட்ட மாநிலம் கேரளா (2015). முதலில் நலவாரியம் அமைத்தது தமிழ்நாடு (2008). இரண்டுக்கும் நடுவில் எல்லையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பெருமையையும் பேசுவோம். ஆனால் 2021ல் அரசு வேலையில் 1 சதவீதம் ஒதுக்கியது கர்நாடகா. கொள்கைக்கும் வேலைக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

தர்மம் செய்வதை நிறுத்தச் சொல்லவில்லை. பசிக்கிறவருக்குப் பத்து ரூபாய் பத்து ரூபாய்தான். ஆனால் அதைக் கொடுப்பவன் மேலே நிற்கிறான், வாங்குபவர் கீழே நிற்கிறார். சம்பளத்தில் அந்த மேல் கீழ் கிடையாது.

கோயமுத்தூரில் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் நம்மூர் ஆட்கள், கடை வைத்திருப்பவர்கள், ஆபீசில் ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் (நானும்தான்), அடுத்த தடவை ஒரு திருநங்கை வந்து நின்றால் பர்ஸைத் தேட வேண்டாம். பயோடேட்டாவைக் கேளுங்கள். வீட்டுச் சாவியைக் கொடுங்கள்.