தீர்ப்பு வருவதற்குள் முடிந்துவிடும் ஆட்டம்

துப்பாக்கி வழக்கில் சிக்கிய விளையாட்டு வீரருக்கு எத்தனை ஆண்டு சிறை என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. ஆனால் அவருடைய ஆட்டவாழ்வை முடித்துவைப்பது பெரும்பாலும் அந்தச் சிறைத்தண்டனை அல்ல. பெய்ஜிங்கில் வெண்கலமும் லண்டனில் வெள்ளியும் வென்ற மல்யுத்த வீரர் சுஷில் குமார் 2021 மே 23 அன்று கைதானார். சத்ரசால் மைதானத்தில் இளம் மல்யுத்த வீரர் ஒருவர் அடிபட்டு இறந்தது தொடர்பான அந்த வழக்கில், கொலைக் குற்றச்சாட்டோடு ஆயுதச் சட்டப் பிரிவுகளும் சேர்ந்திருந்தன. சில நாட்களுக்குள் வடக்கு ரயில்வே அவரைப் பணியிடை நீக்கம் செய்தது. டெல்லி காவல்துறை அவரது துப்பாக்கி உரிமத்தை நிறுத்திவைத்தது. குற்றச்சாட்டு வனையப்பட்டது 2022 அக்டோபரில். 2025 மார்ச்சில் உயர் நீதிமன்றம் பிணை கொடுத்தபோது, 200-க்கும் மேற்பட்ட அரசுத் தரப்புச் சாட்சிகளில் ஏறக்குறைய 30 பேர்தான் விசாரிக்கப்பட்டிருந்தார்கள். அந்தப் பிணையையும் ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. குற்றவாளியா இல்லையா என்பது முடிவாகும் முன்பே நான்கு ஆண்டுகள் போய்விட்டன. கைதாகும்போது அவருக்கு 38 வயது நிறைய மூன்று நாள் இருந்தது. அதே நான்கு ஆண்டுகளை 22 வயது வீரர் ஒருவர் இழந்தால் என்ன மிஞ்சும்?

இந்த இழப்பு ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. ரயில்வேயில் வேலை பார்க்கும் வீரர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால், 1968-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளின்படி பணியிடை நீக்கம் தானாகவே வந்துவிடும். நீதிமன்றத்தில் குற்றவழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு குறுக்கே நிற்கும். 1993-ஆம் ஆண்டு அறிவிக்கை நீதிமன்ற அனுமதியோடு வெளிநாடு செல்ல வழிவிடுகிறது. ஆனால் ஆணையில் காலவரை குறிப்பிடாவிட்டால் பாஸ்போர்ட் ஓராண்டுக்குத்தான் கிடைக்கும். மனுவில் இந்த ஒரு வரியை விட்டுவிட்டால் அடுத்த ஆண்டின் போட்டிக்கு மறுபடியும் நீதிமன்றம் ஏற வேண்டும். துப்பாக்கி சுடும் வீரருக்கு உரிமம் என்பது தொழிற்கருவியே. ஆயுதச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின் கீழ் அது நிறுத்தப்பட்டால் 18-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. பிணைக்கு ஓடுகிற அவசரத்தில் அதன் கெடுவைத் தவறவிடக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பின் உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்தாலே குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. சிறப்புக் காரணங்களைப் பதிவுசெய்து குறைக்க நீதிபதிக்கு இடமிருக்கிறது என்பது வேறு. உரிம நிபந்தனை மீறலுக்கு 30-ஆம் பிரிவு விதிப்பதோ ஆறு மாதம் வரைதான். இரண்டையும் நாளிதழ்கள் ‘துப்பாக்கி வழக்கு’ என்றே எழுதுகின்றன. அதைப் படித்துவிட்டுத்தான் சங்கங்களும் முடிவெடுக்கின்றன.

என் வாதம் இதுதான்: வழக்குக் காலத்தில் வீரரின் நிலை என்ன என்பதை விளையாட்டுச் சம்மேளனமே தன் விதியில், காலவரையோடு எழுதிவைக்க வேண்டும். அமெரிக்கக் கூடைப்பந்து லீக் இதை வேறுவிதமாகச் செய்கிறது. 2009 டிசம்பரில் உடைமாற்றும் அறைக்குத் துப்பாக்கிகளைக் கொண்டுவந்த கில்பர்ட் அரீனாஸ், நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சீர்திருத்த விடுதியில் 30 நாள் என்ற தண்டனை பெற்றார். லீக்கின் தடையால் இழந்தது 50 ஆட்டங்கள். அதே லீக்கின் வீரர் ஜா மொரான்ட் மீது, துப்பாக்கி விவகாரத்தில் குற்றவழக்கே இல்லாமல் 2023-இல் 25 ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. அது கடுமைதான், ஆனால் எப்போது முடியும் என்று வீரருக்குத் தெரிந்த கடுமை.

பதக்கம் வென்றவருக்குத் தனிச் சலுகையா என்று கேட்பார்கள். எங்கள் குடுமியான்மலை வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு: 2021 டிசம்பர் 30 அன்று நார்த்தாமலைத் துப்பாக்கிப் பயிற்சித் தளத்திலிருந்து பாய்ந்த குண்டு ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. துப்பாக்கி விஷயத்தில் தளர்வு வேண்டும் என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. சுஷில் குமாரின் பிணை ரத்தானதற்கு அவர் தலைமறைவானதும் சாட்சிகள் பிறழ்ந்ததும் காரணங்களாயின. செல்வாக்குள்ள வீரர் சாட்சிகளை அசைக்கக்கூடும் என்ற அந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் இடைக்கால விலக்கை விதியாக்கச் சொல்கிறேன். ஆளை மிரட்டியதாகவோ சுட்டதாகவோ குற்றச்சாட்டு இருந்தால் உடனடி விலக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சங்கத்துக்கு வெளியே உள்ள ஒருவரின் மறுபரிசீலனை. உரிமம் புதுப்பிக்கத் தவறியது போன்றவற்றுக்கு எச்சரிக்கையும் ஆயுதத்தை ஒப்படைத்த சான்றும் போதும், பயிற்சி முகாமின் கதவைச் சாத்த வேண்டாம். நீதிமன்றத்துக்கு முன் சங்கம் தீர்ப்பெழுதுவதாக இது ஆகிவிடாதா என்றால், இப்போதும் சங்கம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறது; காரணமும் தேதியும் போடாமல், தேர்வுப் பட்டியலில் ஒரு பெயரை விட்டுவிட்டு.