ஒரே ஆய்வுகூடம், இரண்டு அறிக்கைகள்

2019 மார்ச்சில் மன்னார் சதொச மனிதப் புதைகுழியின் காபன் அறிக்கை வந்தது. 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்ட இடம் அது. அங்கிருந்து ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் மியாமிக்குப் போயிருந்தன. வந்த பதில், கி.பி. 1404 முதல் 1635 வரையான காலம் என்பது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் இதை ஏற்கவில்லை. 'உது பொய்' எண்டு கனபேர் எழுதினார்கள்.

அதே வருடம் செப்டெம்பரில் கீழடி அறிக்கை. 353 சென்டிமீற்றர் ஆழத்தில் கிடைத்த மாதிரி கி.மு. 580 என்றது. அதைப் பேஸ்புக்கில் பகிராத தமிழரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரண்டையும் அளந்தது ஒரே ஆய்வுகூடம், பீட்டா அனலிட்டிக். பிடிச்ச பதிலுக்கு விஞ்ஞானம், பிடிக்காத பதிலுக்குச் சதி எண்டு நாங்கள் கதைக்கேலாது.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு உது எதுக்கு எண்டு கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். உயிர் போனதும் உடலுக்குள் புதிதாகக் காபன் வராது. ஏற்கனவே இருக்கும் காபன்-14 சிதைந்து 5730 வருடங்களில் பாதியாகும். முன்பு அந்தச் சிதைவை எண்ணக் கிராம் கணக்கில் காபன் தேவைப்பட்டது. 1977க்குப் பிறகு வந்த முடுக்கி முறை அணுக்களையே நேராக எண்ணுகிறது. ஒரு மில்லிகிராம் அளவு காபனே போதும்.

எங்களுக்கு முக்கியமான விசயம் இன்னொன்று. 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் காபன்-14 ஏறக்குறைய இரட்டிப்பானது. அதற்குப் பிறகு பிறந்தவரின் பல்லிலும் எலும்பிலும் அந்த அடையாளம் இருக்கும். ஆகவே 1990இல் செத்தவரின் எலும்பை 15ஆம் நூற்றாண்டு எண்டு இந்த முறை மாறிச் சொல்லிவிடும் எண்ட வாதம் நிக்காது. கடல் மீன் அதிகம் சாப்பிட்டவரின் எலும்பு உண்மையை விடப் பழசாகத் தெரியலாம். மன்னாரில் அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனாலும் அதைத் திருத்தினாலும் அந்த எலும்பு போர்க்காலத்துக்கு வந்து சேராது.

அப்ப என்னத்தைக் கேட்கலாம்? நிறையக் கேட்கலாம். மெஷின் நாள் சொன்னது அந்த ஆறு எலும்புகளுக்கு, புதைகுழி முழுவதற்கும் அல்ல. அந்த ஆறும் எந்த மண்படையில், எந்த எலும்புக்கூட்டிலிருந்து எடுத்தவை? மற்ற எலும்புக்கூடுகளும் அதே படையிலா கிடந்தன? ஒரே இடத்தில் வேறு வேறு காலத்தவர்களைப் புதைத்திருக்க முடியாதா? ஆய்வுகூடத்தைத் திட்டும் சத்தத்தில் இந்தக் கேள்விகள்தான் அமுங்கிப் போயின. பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு அது வசதியாகவும் போச்சு.

2025இல் செம்மணி சித்துப்பாத்தியில் தோண்டியபோது எலும்புகளோடு பாடசாலைப் பையும் விளையாட்டுப் பொம்மையும் வந்தன. அங்கே காலக்கணிப்பு வேண்டும் எண்டு யார் சொன்னாலும், மாதிரிகளைத் தெரிவு செய்யும்போதே குடும்பங்களின் சட்டத்தரணிகளும் அவர்கள் நம்பும் நிபுணர் ஒருவரும் பக்கத்தில் நிற்க வேண்டும். எந்தக் குழி, எந்த ஆழம், எந்த எலும்பு என்ற விபரம், எலும்பு பொதியில் ஏற முதலே அவர்கள் கையில் இருக்க வேண்டும்.