மெம்பரா, கஸ்டமரா?

போன தீபாவளிக்கு முன்னாடி, ஆன்சைட்ல இருக்கற காலேஜ் நண்பன் அமெரிக்காவுலேர்ந்து போன் பண்ணான். பேச்சுவாக்குல, "மச்சி, இங்க கிரெடிட் யூனியன்னு ஒண்ணு இருக்குடா. பேங்க் மாதிரியேதான், ஆனா அக்கவுண்ட் வெச்சிருக்கறவன்தான் ஓனர். கார் லோனுக்கு வட்டி கம்மி. வெள்ளைக்காரன் எப்படியெல்லாம் யோசிக்கறான் பாரு"ன்னு அரைமணி நேரம் புல்லரிச்சுப் போய்ப் பேசினான். ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். ஈசிசேர்ல பேப்பர் படிச்சிட்டிருந்த அப்பா, நான் போனை வெச்சதும் தலையைத் தூக்காமலே கேட்டார்: "நம்ம சொசைட்டியத்தானே சொல்றான்?"

அதேதாங்க.

எங்க வீட்டுல 'சொசைட்டி'ன்னா அப்பாவோட ஆசிரியர் சிக்கன நாணயச் சங்கம். மாசாமாசம் சம்பளத்துலேர்ந்து கொஞ்சம் பிடிப்பாங்க. அவசரம்னா கூட வேலை பார்க்கற ரெண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான், கடன் கிடைச்சிடும். 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் தண்ணியில நின்னுச்சே, அப்போ நான் இன்ஜினியரிங் முதல் வருஷம். வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி வந்து ஃபிரிட்ஜ், கட்டில், அம்மாவோட தையல் மெஷின் எல்லாம் போச்சு. அந்த வருஷ வீட்டு ரிப்பேரும் அடுத்த செமஸ்டர் ஃபீஸும் சொசைட்டி புண்ணியம். அதாவது, இன்னிக்கு நான் பொட்டி தட்டி நாலு காசு பார்க்கறதுக்குப் பின்னாடி ரெண்டு வாத்தியாருங்களோட கையெழுத்து இருக்கு. ஒருத்தர் கணக்கு சார், இன்னொருத்தர் டிராயிங் சார். இது எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும்.

நண்பனுக்குப் பதில் சொல்றதுக்காகக் கொஞ்சம் நோண்டிப் பார்த்தேன் (ஆணி புடுங்கற நேரம் போக மீதி நேரத்துல, மேனேஜர் மன்னிக்க). அமெரிக்காவுல முதல் கிரெடிட் யூனியன் நியூ ஹாம்ப்ஷயர்ல 1909ல வந்திருக்கு. கனடாவுல தெஜார்தான் 1900லயே ஆரம்பிச்சிட்டார். நம்ம ஊர்ல? இந்தியாவோட கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904. அதே வருஷம் ஆகஸ்ட் 30ஆம் தேதி திருவள்ளூர் பக்கத்துல திரூர் கிராமத்துல முதல் சங்கம். அதே வருஷமே காஞ்சிபுரத்துல நகரக் கூட்டுறவு வங்கி. ரெண்டு ஊருமே அன்னிக்குச் செங்கல்பட்டு ஜில்லா. நம்ம தாம்பரமும் அதே ஜில்லாதான். ஆக, அமெரிக்காக்காரனுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே நம்ம மாவட்டத்துக்காரன் ஓனர் ஆயிட்டான். நண்பனுக்கு மெசேஜ் போட்டேன். கட்டைவிரல் பொம்மை ஒண்ணு பதிலா வந்துச்சு :-)

ஜில்லா பெருமை கிடக்கட்டும், இதுக்கு முன்கதை இன்னும் சுவாரசியம். வட்டிக்கடைக்காரங்ககிட்ட விவசாயிங்க மாட்டிக்கிட்டு முழிக்கறதைப் பார்த்து, சென்னை மாகாண அரசாங்கம் பிரெடரிக் நிக்கல்சன்ங்கற ஐசிஎஸ் அதிகாரியை இதுக்கு வழி கண்டுபிடிக்கச் சொல்லுச்சு. அவர் ஐரோப்பாவையெல்லாம் பார்த்துட்டு வந்து 1895லயும் 1897லயும் ரெண்டு பாகமா தடித்தடியா அறிக்கை கொடுத்தார். அதோட சாரம் ஒரே வரி: ஜெர்மனியில கிராமத்து மேயரா இருந்து கடன் சங்கம் ஆரம்பிச்ச ரைஃபைசன் மாதிரி ஒரு ஆளை இங்க தேடிப் பிடிங்க. கவனிங்க, சட்டம் போடுங்க, பணம் கொடுங்கன்னு மட்டும் சொல்லலை. ஆளைத் தேடுங்கன்னார்.

ரைஃபைசன் சங்கங்கள்ல ஒரு பயங்கரமான விதி உண்டு. சங்கம் நொடிச்சா ஒவ்வொரு உறுப்பினரும் தன் சொத்து பத்து மொத்தத்தையும் வெச்சு அந்தக் கடனுக்குப் பொறுப்பு. நம்ம 1904 சட்டத்துலயும் கிராமச் சங்கங்களுக்குப் பொதுவா இதே வரம்பில்லாப் பொறுப்புதான். படிச்சப்போ பகீர்னு இருந்துச்சு. ஆனா யோசிச்சா லாஜிக் புரியுது. பக்கத்து வீட்டுக்காரன் கடனைக் கட்டலைன்னா என் மாடு போகும்னா, அவன் வாங்கின பணத்துல விதை வாங்கினானா சாராயம் குடிச்சானான்னு நான் பார்க்காம இருப்பேனா? சிபில் ஸ்கோர்லாம் இல்லாத காலம். ஊர்தான் ஸ்கோர்.

இங்கதான் என் கட்சி. நாம எல்லாரும் சங்கத்துக்குள்ள கஸ்டமரா நுழையறோம். வட்டி எவ்வளவு, ஆப் இருக்கா, கவுண்டர்ல ஏசி இருக்கா. அதுல தப்பில்லை, எனக்கும் ஏசி பிடிக்கும். ஆனா கஸ்டமர் கேக்கற கேள்வி வேற, மெம்பர் கேக்கற கேள்வி வேற. மெம்பர்னா ரெண்டு வேலை. ஒண்ணு கணக்கு கேக்கணும். இன்னொண்ணு, அடுத்தவனுக்குக் கையெழுத்துப் போடணும். இந்த ரெண்டையும் விட்டுட்டா அது வெறும் பழைய ஃபர்னிச்சர் போட்ட பேங்க்.

சொல்றதோட நிறுத்தலை, நானும் சேர்ந்தேன். தாம்பரம் ஏரியாவுல இருக்கற ஒரு கூட்டுறவு வங்கி, பேர் வேண்டாம். ஏற்கெனவே உறுப்பினரா இருக்கற ஒருத்தர் அறிமுகம், ஆதார் நகல், ரெண்டு போட்டோ, பங்குத்தொகை, நுழைவுக் கட்டணம். மூணு தடவை நடந்தேன். முதல் தடவை ஃபாரம் தீர்ந்து போச்சு, ரெண்டாவது தடவை கையெழுத்துப் போட வேண்டியவர் லீவு. மூணாவது தடவை உறுப்பினர் எண் கொடுத்தாங்க. பைபாஸ்ல டோல் கட்டற காசைவிடப் பெருசா ஒண்ணும் செலவாகலை, ஆனா ஒரு ஓட்டு கிடைச்சிடுச்சு. எத்தனை பங்கு வெச்சிருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டுதான். கம்பெனியில ஈசாப் ஷேர் வெச்சிருக்கற மக்கள் இதை ஒருதரம் யோசிச்சுப் பாருங்க.

சேரணும்னு நினைக்கறவங்களுக்கு ஒரு விஷயம், இதை மட்டும் அவசரமில்லாம படிங்க. கூட்டுறவு வங்கி வேற, கூட்டுறவுக் கடன் சங்கம் வேற. ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள கூட்டுறவு வங்கியில போட்ட டெபாசிட்டுக்கு, மத்த பேங்குங்க மாதிரியே ஆளுக்கு 5 லட்ச ரூபாய் வரைக்கும் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி வரைக்கும் அது 1 லட்சம்தான். சிக்கன நாணயச் சங்கம் மாதிரி கடன் சங்கங்களுக்கு அந்தக் காப்பீடு கிடையாது. அப்பாவுக்கு முப்பது வருஷமா இது தெரியாது. காப்பீடு இருந்தாலும் நிம்மதியா தூங்கிட முடியாதுங்கறது 2019 செப்டம்பர்ல மும்பை பிஎம்சி வங்கிக்காரங்களுக்குத் தெரியும். ராத்திரியோட ராத்திரியா, ஒரு ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. 'நிதி'ங்கற கம்பெனிங்க இன்னொரு ரகம். அதுலயும் உறுப்பினர்கிட்ட மட்டும்தான் டெபாசிட் வாங்கணும்னு சட்டம், அதனால பணம் போடற எல்லாரும் காகிதத்துல மெம்பர்தான். மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872லேர்ந்து இருக்கு. 2024ல அதுல பணம் போட்ட பெரியவங்க, முதிர்வுப் பணம் கேட்டு வாசல்ல நின்னதை டிவியில பார்த்தோம். நூத்தம்பது வருஷப் பேருங்கறது ஒரு தைரியம்தான், கணக்கு ஆகாது.

சரி, கணக்கு கேக்கப் போன கதை. பேரவைக் கூட்டத்துக்கு நோட்டீஸ் வந்துச்சு. உறுப்பினர்கள் ஆயிரக்கணக்குல. ஹால்ல நாற்பது பேர் இருந்திருப்போம். அதுல முப்பது பேர் ரிட்டையர் ஆனவங்க. தணிக்கை அறிக்கையை ரயில்வே அறிவிப்பு வேகத்துல வாசிச்சாங்க. "ஏற்கப்பட்டது"ன்னு யாரோ சொன்னாங்க, ஏற்கப்பட்டுடுச்சு. நான் எழுந்து, தவணை தவறின கடன் மொத்தத்துல எத்தனை சதவீதம், போன வருஷத்தைவிடக் கூடியிருக்கா குறைஞ்சிருக்கான்னு கேட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. "ஆபீஸ்ல வந்து பாருங்க தம்பி"ன்னார் மேடையில இருந்தவர். ஸ்வீட், காரம், காபி வந்துச்சு. காரம் நல்லா இருந்துச்சு, மறுக்கலை. ஆனா ஒண்ணு சொல்லணும்: நான் திங்கட்கிழமை ஆபீஸுக்கு லேட்டா போறேன்னு மெயில் தட்டிட்டு நிஜமாவே அங்க போனேன். ஒரு அம்மா அறிக்கையை எடுத்துக் கொடுத்து, எந்தப் பக்கம்னு விரல் வெச்சுக் காட்டினாங்க. "இதை யாரும் வந்து கேக்கறதில்லை சார்"ன்னாங்க. அந்த 'சார்' எனக்குக் கொஞ்சம் உறுத்துச்சு.

தமிழ்நாட்டுல சங்கங்களோட நிலைமைக்கு அரசியல்வாதியைத் திட்டறது சுலபம். திட்டவும் வேணும். 2018ல சங்கத் தேர்தல் நடந்தப்போ பல இடங்கள்ல போட்டியே இல்லாம ஆட்களை அறிவிச்சாங்க. அந்தக் குழுக்களோட அஞ்சு வருஷம் 2023ல முடிஞ்சதும் தனி அலுவலர்களை உட்கார வெச்சாங்க. ஓனர் தேர்ந்தெடுக்காத ஆள் ஓனர் வீட்டை நிர்வாகம் பண்றார். 2021ல அஞ்சு சவரன் வரைக்கும் கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடின்னு அறிவிச்சிட்டு, சரிபார்க்கப் போனா சில சங்கங்கள்ல போலி நகையை வெச்சுக் கடன் கொடுத்திருந்தாங்க. அடகு நகையை எடுத்துப் பார்க்கற பொறுப்பு அதிகாரிக்குத்தான், ஒத்துக்கறேன். ஆனா அந்தச் சங்கத்துல உறுப்பினரா இருந்த ஒருத்தருக்குக்கூட காதுல விழுந்திருக்காதா? நிக்கல்சன் தேடச் சொன்ன ஆளை நாம தேடவே இல்லையோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

இவ்வளவு வாய் கிழியப் பேசறவனுக்கு டெஸ்ட் வேற ரூபத்துல வந்துச்சு.

எங்க தெருமுனையில மாவு கடை வெச்சிருக்கற அக்கா. கிலோ கணக்குல இட்லி மாவு அரைச்சுக் கொடுப்பாங்க. பெரிய டில்டிங் கிரைண்டர் வாங்கணும், அம்பதாயிரம் கடன் வேணும். முன்ன ஒரு தடவை அவசரத்துக்கு போன் ஆப்ல கடன் வாங்கி, ஒரு தவணை நாலு நாள் தள்ளிப் போனதுக்கு அவங்க போன்ல இருந்த அத்தனை நம்பருக்கும் அசிங்கமா மெசேஜ் போயிருக்கு. பொண்ணோட டீச்சருக்குக்கூட. அந்த ஆப்காரனும் ஜாமீன்தான் வாங்கறான், பாருங்க. நம்ம காண்டாக்ட் லிஸ்ட்ல இருக்கற மொத்தப் பேரையும், அவங்களைக் கேக்காமலே. அதனால இந்தத் தடவை வங்கியில போய்க் கேட்டிருக்காங்க. மெம்பரா சேர்ந்துக்கோங்க, சம்பளம் வாங்கற மெம்பர் ஒருத்தர் ஜாமீன் போடணும்னு சொல்லியிருக்காங்க. "தம்பி, நீங்க அங்க மெம்பராமே?"

சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. "அக்கா, நான் ஆன்சைட் போனாலும் போவேன், இப்போ கையெழுத்துப் போட முடியுமான்னு தெரியலை"ன்னு சொல்லிட்டு மாவு பாக்கெட்டோட நழுவிட்டேன். ஆன்சைட்டும் இல்லை ஒண்ணும் இல்லை. எனக்கு ஹைக் வந்தே ரெண்டு வருஷம் ஆச்சு. ராத்திரி சாப்பிடும்போது அம்மா இந்தக் கதையைக் கேட்டுட்டு ஒண்ணும் சொல்லலை. அப்பாதான் கேட்டார், டிராயிங் சாருக்கு அந்தச் சமயத்துல ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நின்னுச்சு, உனக்குத் தெரியுமான்னு. தெரியாது. ஒருவேளை அப்பா கட்ட முடியாமப் போயிருந்தா அவர் சம்பளத்துலதான் பிடிச்சிருப்பாங்க. அதே அப்பா ஒரு நண்பருக்குக் கையெழுத்துப் போட்டு, எட்டு மாசம் அவர் தவணை நம்ம வீட்டுச் சம்பளத்துல போயிருக்கு. அதையும் அன்னிக்குத்தான் சொன்னார். அம்மாவுக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சது, அது தனிக் கதை.

கையெழுத்துப் போட்டேன். கண்ணை மூடிட்டு இல்லை. அக்காவோட நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு எவ்வளவு மாவு, எத்தனை ஹோட்டலுக்குப் போகுது, அரிசிக் கடைக்கு எவ்வளவு பாக்கி, எல்லாம் எழுதி வெச்சிருந்தாங்க. எங்க டீம் எக்செல் ஷீட்டைவிடச் சுத்தம். நான் நோட்டைப் புரட்டினது அவங்களுக்குக் கோவம்னு முகத்துலயே தெரிஞ்சது. இருந்தாலும் பொறுத்துக்கிட்டாங்க.

இதுவரைக்கும் ஏழு தவணை கட்டியாச்சு. பத்தாம் தேதி ஆனா எனக்கு லேசா வயித்துல கலக்கும். கட்டிட்டீங்களான்னு வாய்விட்டுக் கேட்டதில்லை. அன்னிக்கு மட்டும் தேவையில்லாட்டியும் அரைக் கிலோ மாவு வாங்கப் போவேன். அக்காவுக்கும் இது தெரியும்னு நினைக்கறேன். போன மாசம் பாக்கெட்டைக் கையில கொடுக்கும்போதே, "காலையிலேயே கட்டிட்டேன் தம்பி"ன்னாங்க.